முப்பத்தொன்றாம் பெட்டியில் இல்லாத தாள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணி. முப்பத்தொன்றாம் பெட்டியில் இருந்த ஃபைலின் கடைசித் தாளைப் புரட்டி முடித்த எமரி ஹல்வர்சன், மறுபடி முதல் தாளுக்கு வந்தார். இந்த முறை ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு கையில் இருந்த பென்சிலை மேஜைமேல் வைத்தார்.

"லீலண்ட், அது இங்க இல்லையே," என்றார்.

ஜனாதிபதி லூமிஸ் நூலகத்தின் ஆவணக் காப்பாளர் லீலண்ட் குபிசெக் எழுந்து வந்து தானும் புரட்டினார். அதே ஃபைலை மூன்று தடவை புரட்டினார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்.

காணாமல் போனது ஒரே ஒரு தாள். ஜனாதிபதி லூமிஸிடம் எமரி ஹல்வர்சன் உதவியாளராக இருந்த காலத்தில் எழுதியதாகச் சொல்லப்பட்ட மூன்று வரிக் குறிப்பு. லாரல் ஃபோர்க் அணை கசிகிறது என்று பொறியாளர்கள் கெஞ்சிக்கொண்டிருந்த அந்த சனிக்கிழமை, "அணை தாங்கும். செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு முடியட்டும். அதுவரை எச்சரிக்கை வேண்டாம்" என்று அவர் எழுதிக் கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அணை உடைந்தது. கீழே இருந்த சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு அப்படியே அடித்துக்கொண்டு போனது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அந்தக் குறிப்பை ஒன்பது வருடத்துக்கு முன் கண்டுபிடித்து எழுதியவர் பேராசிரியர் டால்டன் ரிவ்ஸ். அவருடைய புத்தகம் பரிசு வாங்கியது. பள்ளிப் பாடத்தில்கூட அந்த மூன்று வரி ஏறிவிட்டது.

இன்று அதே ரிவ்ஸ் சொற்பொழிவுக்காக நூலகத்துக்கு வந்து மாடியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சேதி கேட்டு இறங்கி வந்தவர், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருந்த கிழவர் எமரியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் பண்ணுங்க, லீலண்ட்," என்றார் நிதானமாக. "கதவைப் பூட்டுங்க."

*

துப்பறிவாளர் அர்லீன் டீக் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வாசிப்பு அறைக்குப் போக அருங்காட்சியகத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும். ஜனாதிபதியின் மேஜை, பேனாக்கள், அவர் மனைவியின் பச்சை கவுன் எல்லாவற்றையும் தாண்டினால் அணைக்கென்று ஒரு தனிச் சுவர். அந்த மூன்று வரிகள் அங்கே ஆளுயரத்துக்கு அச்சிடப்பட்டிருந்தன. பக்கத்தில் ஜனாதிபதியின் அந்த சனிக்கிழமை நிகழ்ச்சிநிரல் தாள், ரிவ்ஸின் புத்தகத்திலிருந்து பெரிதாக்கிய படம். தாளின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், கீழ் மூலை மட்டும் கடித்துத் தின்ற பிஸ்கட் போல. ஈரம் பட்ட படம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அர்லீன் கடந்தாள்.

லீலண்ட் வாசலில் காத்திருந்தார். பள்ளிக்கூட பேண்ட் வாத்தியக் குழுவில் அவர் டியூபா என்கிற ஆள்பெரிய ஊதுவாத்தியம், அவள் டிரம். அந்தப் பழக்கத்தில் இன்றும் ஒருவரை ஒருவர் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

"நாப்பது வருஷமா ஒரு துண்டுத் தாள் தொலைஞ்சதில்ல, அர்லீன். இன்னைக்குன்னு பாத்து."

"டியூபாவத் தொலைச்சவன்தான நீ. மொதல்ல மூச்சு விடு. உள்ள யார் யார் இருந்தாங்க?"

"அவர் மட்டும்தான். நான் எதிர் மேஜையில."

"கண்ண எடுக்கவே இல்லையா?"

லீலண்ட் தயங்கினார். "ஒரு போன் வந்துச்சு. திரும்பி நின்னு பேசினேன். ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"கதவு?"

"யார் வந்தாலும் போனாலும் நான்தான் திறக்கணும். கோட்டு, பை எல்லாம் வெளிய லாக்கர்ல. பென்சில் மட்டும்தான் உள்ள போகும். அவர் எந்திரிச்சு பாத்ரூம்கூடப் போகல."

கிழவரைச் சோதனை போட்டாயிற்று. அவரைக் கூட்டி வந்து வெளியே காத்திருந்த மகள் கோரின்தான், சந்தேகம் தீரட்டும் என்று வற்புறுத்தினாள். சட்டைப் பைகளைத் திருப்பிக் காட்டி, காலணியைக் கழற்றி, சட்டையின் கைமடிப்பைக்கூட அவர் அவிழ்த்துக் காட்டினாராம். ஒன்றுமில்லை. அறையில் இருந்தது இரண்டு மேஜை, நான்கு நாற்காலி, ஒரு விளக்கு. குப்பைக்கூடை காலி. கம்பளத்தைக்கூட லீலண்ட் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"அப்போ தாள் எப்படி வெளிய போச்சு?"

"அதான் தெரியல. மென்னு முழுங்கியிருப்பார்ங்கிறார் புரொஃபசர்."

"பாத்தா அப்படிப்பட்ட பசிக்காரர் மாதிரி தெரியலையே."

*

அர்லீன் கையுறை மாட்டிக்கொண்டு ஃபைலைத் திறந்தாள். முப்பது தாள்கூட இருக்காது. பொறியாளரின் கடிதங்கள், தந்திகள், நடுவில் ஒரு செய்தித்தாள் துணுக்கு. 'அணையில் கசிவு, குடியிருப்பில் அச்சம்' என்பது தலைப்பு. துணுக்கின் கீழ் வலது மூலை கிழிந்திருந்தது. அதற்கு அடுத்து சனிக்கிழமை நிகழ்ச்சிநிரல். சுவரில் பார்த்த அதே தாள். படத்தில் சாம்பலாகத் தெரிந்த கட்டம் இங்கே தேநீர் நிறத்தில் இருந்தது.

"காபி கொட்டினதா இது?"

"எல்லாரும் அதான் கேக்குறாங்க. செய்தித்தாள் பண்ற வேல. மட்டமான காகிதம், அதுல அமிலம் இருக்கும். வருஷக்கணக்கா ஒட்டிக் கிடந்தா தன்னைத் தொடுற தாளைச் சுட்டுப் பழுப்பாக்கிடும். துணுக்குக்கு எல்லாம் நல்ல காகிதத்துல நகல் எடுத்து வெச்சிருக்கணும். எனக்கு ஆள் எங்க இருக்கு?"

"வரிசைய யாராவது மாத்தியிருப்பாங்களா?"

"வெள்ளை மாளிகையில இருந்து எந்த வரிசையில வந்துச்சோ அதுலயேதான் இருக்கும். அத மாத்துறது எங்க தொழில்ல பாவம். மாத்தினா யார் எதுக்கு அடுத்து எத வெச்சாங்கன்னே தெரியாமப் போயிடும்."

"இந்தப் பெட்டிய இதுக்கு முன்ன யார் கேட்டிருக்காங்க?"

லீலண்ட் தரையைப் பார்த்தார். "ரிவ்ஸ், ஒம்பது வருஷத்துக்கு முன்ன. அப்புறம் இன்னைக்குத்தான்."

"நடுவுல ஒருத்தரும் இல்லையா? ஊரே அந்தக் குறிப்பப் பத்திப் பேசுதே."

"எல்லாரும் அவர் புத்தகத்துல இருந்து எடுத்துக்கிட்டாங்க. நானும்தான். அந்தச் சுவர்ல இருக்கிறதும் புத்தகத்துல இருந்து எடுத்ததுதான்." குரல் இறங்கியது. "ஒரு தடவ கீழ எறங்கிப் போய் பெட்டியத் திறந்து பாத்திருக்கலாம். தோணவே இல்ல."

*

ஊழியர்கள் சாப்பிடும் அறையில் எமரி ஹல்வர்சன் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிய, நெடிய, எலும்பான மனிதர். அவர் முன்னால் யாரோ வைத்த ரன்ஸா, இறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்த பன், ஆறிப்போய்க் கிடந்தது. மகள் கோரின் அவர் தோளில் கை வைத்து நின்றாள்.

"இப்போ எதுக்கு வந்தீங்க, சார்? ஒம்பது வருஷமா வராதவரு," என்றாள் அர்லீன்.

"என் கையெழுத்தப் பாக்கணும்னு வந்தேன்."

"எதுக்கு?"

"அத நான் எழுதின ஞாபகமே எனக்கு இல்லம்மா. புத்தகம் வந்தப்போ சத்தியம் பண்ணினேன், நான் எழுதலைன்னு. யாரும் நம்பல. வருஷா வருஷம் அந்த ஊர் நினைவு நாளுக்குப் போவேன். வராதீங்கன்னுட்டாங்க. சர்ச்ல பக்கத்துல உட்கார்றவங்க எடம் மாறி உட்கார்ந்தாங்க. பேரன் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து, தாத்தா நீயான்னு கேட்டான்." நிறுத்தினார். "இத்தன பேர் சொல்றப்போ, நான்தான் மறந்துட்டேனோன்னு தோண ஆரம்பிச்சுது. வயசாச்சு. போன வாரம் கார் சாவிய ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சிருந்தேன்."

"அப்பா, சாவிய எல்லாரும்தான் எங்கயாவது வெக்கிறோம்," என்றாள் கோரின்.

"இன்னைக்கு அந்த அறையில இருந்து எதையாவது எடுத்தீங்களா?"

"எடுக்கல."

"நிச்சயமா?"

கிழவர் தன் கைகளைப் பார்த்தார். "அதையும் என்னால நிச்சயமா சொல்ல முடியல பாருங்க. எழுதினதே ஞாபகம் இல்லைங்கிறேன். எடுத்ததும் ஞாபகம் இல்லாம இருக்கலாம். நான்தான் எடுத்தேன்னு எழுதிக்கோங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

"அப்பா."

"இருக்கட்டும் கோரின். எனக்கு வீட்டுக்குப் போகணும்."

அர்லீன் நோட்டை மூடினாள். வேலையில் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ பேர் அவளிடம் பொய்யாக மறுத்திருக்கிறார்கள். பொய்யாக ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. தன்னையே சந்தேகப்பட்டு ஒப்புக்கொண்ட ஒருவரை இப்போதுதான் பார்க்கிறாள். கையெழுத்து வாங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சாப்பிடுங்க சார்," என்று தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள்.

*

பேராசிரியர் ரிவ்ஸ் வருத்தப்படுகிற தோரணையில்தான் பேசினார். நல்ல குரல்.

"அவர் மேல எனக்குக் கோபம் இல்ல, டெட்டெக்டிவ். பரிதாபம்தான். ஆனா அது நாட்டோட சொத்து."

"உங்ககிட்ட நகல் இருக்குமே?"

"வீடு மாத்தினப்போ ஒரு பெட்டி தொலைஞ்சு போச்சு."

"புத்தகத்துல படம் போடலையா?"

"கார்பன் நகல், ரொம்ப மங்கல். அச்சுல வராதுன்னாங்க. அதுக்குப் பதிலா நிகழ்ச்சிநிரலப் போட்டேன். அன்னைக்கு சாயங்காலம் ஜனாதிபதிக்கு வேல ஒண்ணும் இல்லைன்னு அதுல தெரியும். எச்சரிக்கை குடுக்க நேரம் இருந்துச்சு."

"நிகழ்ச்சிநிரல் படம் எப்போ எடுத்தது?"

"அதே நாள். குறிப்பக் கண்டுபிடிச்ச அன்னைக்கே லீலண்ட்கிட்டக் குடுத்து எடுக்கச் சொன்னேன்."

"அந்தத் தாள் ஃபைல்ல சரியா எங்க இருந்துச்சு?"

"அத எப்படி மறப்பேன்?" லேசாகச் சிரித்தார். "முன்னுரையிலயே எழுதியிருக்கேன். படிச்சதில்லையா?"

"படிப்பேன்," என்றாள் அர்லீன்.

நூலகத்தின் கடையில் புத்தகம் அடுக்கி வைத்திருந்தது. ஒன்றை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன்னுரை நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தது. 'செய்தித்தாள் துணுக்கைத் தூக்கினேன். அதன் முதுகில் ஒளிந்துகொண்டதுபோல் அந்தத் தாள் கிடந்தது. அதற்கு அடியில் நிகழ்ச்சிநிரல். கோப்பில் வைத்த நாளிலிருந்து அந்த மூன்றையும் எந்தக் கையும் பிரிக்கவில்லை என்று ஒட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது.'

அதை இரண்டு முறை படித்தாள். பிறகு படப் பக்கத்துக்குப் புரட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை விட்டிருந்தது.

*

மூன்று மணிக்கு எல்லோரையும் வாசிப்பு அறைக்கு வரச் சொன்னாள். எமரி அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கோரின் அவர் பக்கத்தில். லீலண்ட் கதவோரம். ரிவ்ஸ் உட்காரவில்லை.

"ஆறு மணிக்கு எனக்குப் பேச்சு இருக்கு, டெட்டெக்டிவ்."

"அதுக்கு முன்ன முடிச்சிடலாம்." ஃபைலிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "பூட்டின அறை. ஒருத்தர் உள்ள இருக்கார். தாள் அவர்கிட்டயும் இல்ல, அறையிலயும் இல்ல. எப்படி வெளிய போச்சுன்னே காலையில இருந்து யோசிச்சுக்கிட்டு இருந்தோம். உள்ள இருந்துச்சான்னு யாரும் கேக்கல."

ரிவ்ஸ் புருவத்தை உயர்த்தினார். "புரியல."

"லீலண்ட், இந்தத் துணுக்க நிகழ்ச்சிநிரல் மேல இருக்கிற கறையில வையேன். மெதுவா."

லீலண்ட் வைத்தார். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. கீழ் வலது மூலையில் துணுக்கு கிழிந்திருந்த இடத்தில் தாளும் வெள்ளையாக இருந்தது. ஒரு நூலிழை கூட வித்தியாசமில்லை.

"துணுக்கு தன்னைத் தொடுற தாளைத்தான் சுடும்," என்றாள் அர்லீன். "நடுவுல ஒரு தாள் இருந்திருந்தா அதுதான் பழுப்பாயிருக்கும். இது வெளேர்னு இருந்திருக்கும்."

முதலில் பேசியவர் ரிவ்ஸ்தான். குரலில் பதற்றம் இல்லை.

"அப்போ அந்தத் தாள் முன்னாடியே திருட்டுப் போயிருக்கு. நான் பாத்த கொஞ்ச நாள்ல. அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் ரெண்டும் ஒட்டிக் கிடந்திருக்கு. கறை அப்போ வந்தது."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனாலதான் உங்க புத்தகத்த வாங்கினேன்." படப் பக்கத்தைத் திறந்து துணுக்கின் பக்கத்தில் வைத்தாள். "இந்தப் படம் நீங்க குறிப்பக் கண்டுபிடிச்ச அன்னைக்கே எடுத்ததுன்னு சொன்னீங்க. கறை இதுலயே இருக்கு. மூலை கடிபட்ட மாதிரி, அதே அளவுல. வெளிய சுவர்ல ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கு. ஆயிரக்கணக்கான பேர் பாத்துட்டாங்க. காலையில நானும் பாத்துட்டு ஈரம்னு நெனச்சுப் போயிட்டேன்."

லீலண்ட் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எடத்தத் தப்பா எழுதியிருக்கலாம்," என்றார் ரிவ்ஸ். "முன்னுரைக்காகக் கொஞ்சம் அழகுபடுத்தி எழுதுறது வழக்கம்தான். வேற எங்கயோ இருந்திருக்கும்."

அர்லீன் ஃபைலை அவர் பக்கம் தள்ளினாள். "சரி. எந்த ரெண்டு தாளுக்கு நடுவுல? காட்டுங்க. பெட்டி உங்களுக்கு அப்புறம் இன்னைக்கு வரைக்கும் வெளிய வரவே இல்ல. அந்த ரெண்டு தாளையும் லீலண்ட் பரிசோதனைக்கு அனுப்பட்டும். நான் காத்திருக்கேன்."

ரிவ்ஸ் ஃபைலைத் தொடவில்லை. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்தக் குறிப்ப எழுதினது நீங்க, புரொஃபசர்," என்றாள் அர்லீன். "வேற யாரும் இல்ல. இன்னைக்கு இவர் வந்து தேடுவார்னு நீங்க எதிர்பாக்கல. இல்லைன்னு இவர் சொன்னதும், திருட்டுன்னு சொல்லிட்டா அது இருந்த மாதிரியே ஆயிடும்னு கணக்குப் போட்டீங்க. திருடனும் எதிர்லயே உட்கார்ந்திருந்தார்."

கோரின் வாயைப் பொத்திக்கொண்டாள். எமரி மட்டும் அசையவில்லை. துணுக்கையும் கறையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ரிவ்ஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்த நல்ல குரல் இப்போது சற்றுக் கரகரத்தது.

"மூணு கோடை தேடினேன். நானூறு பெட்டி. யாரோ ஒருத்தர் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லாம அப்படி நடக்காது. யாரோ சொல்லியிருக்காங்க, அதக் காகிதத்துல விடல. சனிக்கிழமை அலுவலகத்துல இருந்தது ஹல்வர்சன். இவராத்தான் இருக்கணும்னு தோணுச்சு. நடந்தது எதுவோ அதத்தான் எழுதினேன். காகிதம் மட்டும் இல்ல, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் கோரின்.

எமரி நிமிர்ந்தார். ரிவ்ஸை நேராகப் பார்த்து, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. டைரக்டரியில என் நம்பர் இருந்துச்சு. அந்த மூணு கோடையும் நான் வீட்டுலதான் இருந்தேன்."

அர்லீன் ரிவ்ஸை வெளியே அழைத்துப்போனாள். காவலருக்குப் பொய்ப் புகார் கொடுத்தது சின்னக் குற்றம்தான். அதற்கு ஒரு அபராதம் வரும். மற்றதை அவருடைய பல்கலைக்கழகமும் பதிப்பகமும் பார்த்துக்கொள்ளும். ஆறு மணிப் பேச்சு ரத்து என்று வாசலில் ஒரு அட்டை தொங்கியது.

*

அவள் திரும்பி வந்தபோது அருங்காட்சியகத்தில் லீலண்ட் ஸ்க்ரூடிரைவரோடு ஏணிமேல் நின்றிருந்தார். அந்த மூன்று வரிகள் இருந்த பலகையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"இதுக்கு மேலிடத்து அனுமதி எல்லாம் வாங்கணுமே?"

"வாங்கணும். மறுபக்கத்தப் பிடி."

இருவரும் பலகையை இறக்கிச் சுவரோடு திருப்பிச் சாய்த்தார்கள். அர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு வாசிப்பு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கோரின் கோட்டை எடுத்து வைத்திருந்தாள். எமரி எழுந்திருக்கவில்லை.

"சார், உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகல," என்றாள் அர்லீன். "எழுதலைன்னு சொன்னீங்க. எழுதல. எடுக்கலைன்னு சொன்னீங்க. எடுக்கல."

"ஆமா," என்றார் அவர். சந்தோஷப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் இருந்தது வேறு ஏதோ. "அதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அப்போ என் ஞாபகத்துல மிச்சம் இருக்கிறதும் நெசமாத்தான் இருக்கணும்."

லீலண்ட் கதவருகே வந்து நின்றார்.

"லீலண்ட், பழைய ஆளுங்க பேசுறத டேப்புல பிடிச்சு வெப்பீங்களே. அந்த மெஷின் இருக்கா?"

"இருக்கு சார். இன்னொரு நாள் வெச்சுக்கலாமே. களைச்சுப் போயிருக்கீங்க."

"இப்போவே வெச்சுக்கலாம். இத்தன வருஷமா யாரும் கேக்கல. அப்புறம் அந்தப் புத்தகம் வந்துச்சு. செய்யாததுக்கு மல்லுக்கட்டுறதுலயே செஞ்சத நெனச்சுப் பாக்க எனக்கு எடமே இல்லாமப் போச்சு."

லீலண்ட் இயந்திரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, நாடாவைப் பொருத்தினார். அர்லீன் கிளம்பியிருக்கலாம். கிளம்பாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோரின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எமரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சனிக்கிழமை சாயங்காலம் அணையில இருந்து ஒரு பொறியாளர் போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன். ராத்திரிக்குள்ள சனங்கள வெளியேத்தணும்னார். அழுதுட்டார். நான் நேரா எனக்கு மேல இருந்தவர் அறைக்குப் போனேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். விஷயத்தச் சொன்னேன். காலையில பாக்கலாம்னார்." மூச்சு எடுத்தார். "நான் கதவுகிட்ட நின்னேன். மறுபடி சொல்லலாம்னு நெனச்சேன். அவர் முள்கரண்டியக் கையில எடுத்துட்டார். நான் வெளிய வந்துட்டேன். ஒரு தடவ சொன்னேன். ரெண்டாவது தடவ சொல்லல."

நாடா சுழன்றுகொண்டிருந்தது.

"அத எழுதிக்கோங்க," என்றார். "அது என்னோடது."